பட்டியில் ஏழு ஆடு போய்விட்டது: சிறுத்தையா, நாயா? குருணை மருந்து (பூச்சிக்கொல்லி) வைக்கலாமா?

வேலியோரக் கிளுவை (சத்தியமங்கலம் பக்கம்), வெள்ளி காலை 6.50

கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் 41 மேச்சேரிச் செம்மறி ஆடுகள். தோட்டத்திலிருந்து காடு ஒன்றரைக் கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை. பட்டிக்கு ஐந்தடி உயரம் கம்பி வலை அடித்திருக்கிறேன். விடியற்காலை நான்கரைக்குப் பால் ஊற்ற வந்தவர் கதவைத் தட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆறு ஆடு செத்துக் கிடக்கிறது. ஒன்றைக் காணவில்லை. கிடந்தவற்றில் நான்கு சினை.

சென்ற மாதம்தான் ஓடைக்கு அந்தப் பக்கம் சிறுத்தையைப் பார்த்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, "செத்ததில் ஒன்றை அங்கேயே போட்டுக் குருணை மருந்தைத் தூவிவிடு, திரும்பத் தின்ன வரும்" என்கிறார். எனக்கும் வயிறு எரிகிறது. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊசி டாக்டர் (கால்நடை மருத்துவர், ஓய்வு), காலை 7.15

தம்பி, முதலில் மருந்து டப்பாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டு. அடுத்தது, எந்த ஆட்டையும் இடம் மாற்றாதே. ஈ மொய்க்கிறது என்று சாக்கைப் போட்டு மூடலாம், இழுக்காதே. வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் இப்போதே சொல்லிவிடு. அவர்கள் வருவதற்குள் மூன்று விஷயம் பார்த்து எழுது. கடி உடம்பில் எந்தப் பக்கம்? தின்றிருக்கிறதா, எவ்வளவு? கடி படாமலே செத்தது ஏதாவது உண்டா?

வேலியோரக் கிளுவை, காலை 8.05

பார்த்துவிட்டு வந்தேன் ஐயா. நான்கு ஆட்டுக்குப் பின்தொடையும் வாலடியும் கிழிந்து தொங்குகின்றன. அவற்றில் ஒன்றுக்குக் காது பாதி இல்லை, மடி குதறியிருக்கிறது. யாரும் தின்ற மாதிரித் தெரியவில்லை. மீதி இரண்டில் ஒரு கீறல்கூட இல்லை, மூலையில் வேலியை ஒட்டிக் கிடக்கின்றன. உயிரோடு இருப்பவற்றிலும் ஐந்துக்குத் தொடையில் பல் பட்டிருக்கிறது.

ஊசி டாக்டர், காலை 8.20

இது நாய். சிறுத்தை கழுத்தைத்தான் பிடிக்கும், குரல்வளையில் பல்லைப் பதித்து மூச்சு அடங்கும் வரை விடாது. பட்டிக்குள் மாட்டிக்கொண்டு வெறியில் பல ஆட்டைக் கொல்வதும் உண்டு, ஆனால் அப்போதும் காயம் கழுத்தில்தான் இருக்கும். வாலையும் தொடையையும் துரத்தித் துரத்திக் கடிப்பது நாய்க் கூட்டத்தின் வேலை. பசிக்காகக் கடிப்பதில்லை, ஆடு ஓடுவதால் கடிக்கும். காயமில்லாத இரண்டும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்தவை. வேலியின் அடியைச் சுற்றிப் பார், எங்காவது மண் பறித்திருக்கும்.

காயம்பட்ட ஐந்தையும் மருத்துவமனையில் கட்டாயம் காட்டு. மேலே பார்க்கச் சின்ன ஓட்டையாக இருக்கும், உள்ளே சதை அழுகிக்கொண்டிருக்கும். வெறிநாய்க் கடித் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுவிடு.

கசப்பு வேம்பு, காலை 9.30

நாயோ சிறுத்தையோ, செத்தது ஆடு. ஒரு சினை ஆடு என்ன விலை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சட்டம் பேசுகிறவர்கள் ஒரு வாரம் வந்து எங்கள் பட்டியில் படுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் இரண்டு வருடம் முன்பு ஒருவர் மருந்து வைத்தார். அதன் பிறகு ஒரு ஆடு போகவில்லை. நான் வை என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஊசி டாக்டர், காலை 10.10

நடந்ததில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். மருந்து வைத்த உடலைத் தின்பது யார் என்று வைத்தவர் தேர்ந்தெடுக்க முடியாது. சத்தியமங்கலத்துக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டுப் பாறு கழுகுகளில் பெரும்பங்கு மிஞ்சியிருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபீனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று தெரிந்துதான் 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அந்த ஊசியை நானே எத்தனை மாட்டுக்குப் போட்டிருப்பேன்! தெரியாமல் செய்தது அது. தெரிந்தே குருணை தூவுவது வேறு. சிறுத்தை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ஏழு ஆட்டுக்கு ஏழு ஆண்டா?

மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுக்கலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன, இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஆளும் சாவான்.

வேலியோரக் கிளுவை, பகல் 12.40

காணாமல் போன ஏழாவது ஆடு கிடைத்துவிட்டது. டாக்டர் ஐயா மன்னிக்க வேண்டும், இது நாய் இல்லை. பட்டியிலிருந்து அறுபது எழுபது அடி, ஓடைச் சரிவில் ஊஞ்சை மரத்தடியில் கிடக்கிறது. இழுத்துக்கொண்டு போன தடம் தெளிவாக இருக்கிறது. கழுத்தில் இரண்டு ஓட்டை. ஒரு தொடை முழுதாகத் தின்றாகிவிட்டது. ஈர மண்ணில் தடம் என் உள்ளங்கை அகலம், நகம் பதியவே இல்லை. வனத்துறை ஆளும் வந்து பார்த்துச் சிறுத்தைதான் என்று சொல்லிவிட்டார். ஆக, ஏழையும் அதுதானே கொன்றிருக்க வேண்டும்?

ஊசி டாக்டர், பகல் 1.00

தடம் சிறுத்தையுடையதுதான், சந்தேகமில்லை. நாய்க்கு நகம் பதியும், பூனை இனத்துக்கு நகம் உள்ளே மடங்கியிருக்கும். ஆனால் இழுத்தது வேறு, கொன்றது வேறு. மருத்துவமனையிலிருந்து வந்திருப்பவர் உடற்கூறு பார்க்கும்போது நீ பக்கத்தில் நில். அந்த ஆட்டின் கழுத்துத் தோலை உரித்தவுடன் அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார். உயிரோடு இருந்த ஆட்டைக் கடித்தால் தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாகக் கன்றியிருக்கும். செத்த பிறகு கடித்தால் ஓட்டை மட்டும் இருக்கும், சுற்றிலும் சதை வெளுத்திருக்கும்.

வேலியோரக் கிளுவை, இரவு 8.15

பார்த்தேன். இப்படி ஒன்று இருக்கிறதென்று இவ்வளவு நாள் தெரியாது. கழுத்துத் தோலைக் கத்தியால் நீவி நீவிப் பிரித்தார்கள். இரண்டு ஓட்டையும் தோலின் உள்பக்கம் வரை தெரிகின்றன, சுற்றிலும் சதை சுத்தமாக வெளுத்துக் கிடக்கிறது, ஒரு சொட்டு ரத்தம் கட்டவில்லை. பின்னங்காலைப் பிரித்தபோது மிச்சமிருந்த தொடையிலிருந்து வாலடி வரை நாவற்பழம் நசுக்கியது போலக் கன்றியிருந்தது.

நாய்கள் கொன்று போட்ட ஆட்டைத்தான் சிறுத்தை வந்து எடுத்துப் போயிருக்கிறது. வேலியின் வடக்கு மூலையில் மண் பறித்த பள்ளமும் இருக்கிறது. காலையில் பெரியப்பா சொன்னபடி மருந்து வைத்திருந்தால், கொன்ற நாய்கள் அத்தனையும் ஊருக்குள் திரிந்துகொண்டிருக்கும், கிடைத்ததைத் தின்ன வந்தது செத்திருக்கும்.

ஆனால் என் நிலைமை இன்னும் மோசம். சிறுத்தை கொன்றிருந்தால் இழப்பீட்டுக்கு எழுதித் தருவார்களாம். நாய் என்றால் வேறு அலுவலகத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

வெள்வேல் நிழல் (வெள்ளகோவில்), இரவு 9.00

எங்கள் ஊர்க் கதைக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் தம்பி. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு உட்கார்ந்த பிறகுதான் தெருநாய்க் கடிக்கும் இழப்பீடு என்பது 2025இல் அரசு அறிவிப்பாக வந்தது. பஞ்சாயத்தில் எழுதிக்கொடுங்கள், உடற்கூறு அறிக்கையின் நகலை விடாதீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எங்கள் கொறங்காட்டு முறை எப்படிப்பட்டது? கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம். ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம், இராப் பகல் ஆள் வேண்டாம். தாத்தா காலத்திலிருந்து ஊரே இதைப் பெருமையாகச் சொல்லும். கொன்று தின்னும் மிருகம் எதுவும் இல்லாத சீமைக்கு ஏற்பட்ட முறை அது. கோழிக்கழிவைச் சாலையோரம் கொட்டி, அதைத் தின்று நாய்க் கூட்டம் பெருத்தபோது எங்களிடம் ஆளும் இல்லை, இரவுப் பட்டியும் இல்லை. வரிசையாகப் போயின.

தாளவாடிக் குளிர், இரவு 10.30

நான் மலைமேல் இருப்பவன். இங்கே சிறுத்தை எங்கள் அப்பாவுக்கு அப்பா காலத்திலும் இருந்தது. அப்போது புலிகள் காப்பகம் கிடையாது, 2013இல்தான் அறிவித்தார்கள். அன்றைக்கு ஆடு போனதே இல்லையா என்றால், போனது. ஆனால் ஒரே இரவில் ஏழு போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தாத்தா பட்டியில்தான் படுப்பார். வீட்டில் அவருக்குக் கட்டில் கிடையாது. பட்டியை ஒட்டி நான்கு மூங்கில் நட்டு மேலே புல் வேய்ந்த பரண், அதில் கம்பளி, பக்கத்தில் கணப்பு. நான் சின்னப் பையனாக அவரோடு படுத்திருக்கிறேன். நடுச்சாமத்தில் ஆடுகள் அசைபோடும் சத்தம் சட்டென்று நிற்கும். எழுப்பாமலே தாத்தா உட்கார்ந்துவிடுவார். மழைச்சத்தம் நின்றால் தூக்கம் கலையுமே, அப்படி. ஒன்றும் கத்தமாட்டார், தொண்டையைச் செருமுவார். கணப்பில் ஒரு கட்டையைத் திருப்பி வைப்பார். சிறிது நேரம் கழித்து ஒரு ஆடு அசைபோட ஆரம்பிக்கும், பிறகு இன்னொன்று. அவர் படுத்துவிடுவார்.

அப்பா வீட்டுக்குள் படுத்தார், பட்டிக்கு நாயைக் கட்டினார். நான் மொபைலில் கேமரா பார்க்கிறேன். மிருகம் பெருகிவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், பெருகியும் இருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் கணக்குப் பார்த்தால், குறைந்தது பட்டியில் படுத்த ஆள்.

கசப்பு வேம்பு, இரவு 10.50

அழகாக எழுதுகிறீர்கள் அண்ணா. அந்தத் தாத்தாவுக்குச் சம்பளம் எவ்வளவு என்றும் எழுதுங்கள். பகலெல்லாம் மேய்த்துவிட்டு இரவும் கண்விழிக்க இன்று எவன் வருவான்? பையனைப் பட்டியில் படுக்கச் சொன்னால் திருப்பூர் பஸ் ஏறிவிடுவான். அவனுக்குப் பெண்ணும் கிடைக்காது.

கிடைவீட்டு மருமகள் (சிவகங்கை), சனி காலை 5.40

கசப்பு வேம்பு அண்ணன் சொல்வது முழு உண்மை. என் மாமனார் கீதாரி, ஊர் ஊராக ஆட்டுக் கூட்டத்தை (கிடை) ஓட்டிப் போகிறவர். தை பிறந்தால் கிடை கிளம்பிவிடும், அறுப்பு முடிந்த வயலெல்லாம் கிடை போட்டு ஆடிக்கு மேல்தான் ஊர் திரும்புவார்கள். முறை வைத்துக் கிடைகாவல். ஐந்து பங்காளிகளின் ஆடு ஒரே கிடையில் கிடக்கும், ஆளுக்கு ஒரு சாமம். தனி ஆள் ஐம்பது ஆட்டுக்கு இராக் காவல் இருந்தால் பத்தாம் நாள் படுக்கையில் விழுவான். ஐந்து பேர் சேர்ந்தால் பருவம் முழுக்கத் தாங்கும். எங்களுக்குச் சிறுத்தை கிடையாது. நரியும் திருடனும்தான். குட்டிகளைக் கூடாப்பில் அடைத்து மேலே கல் வைத்துவிடுவோம், நரிக்கு அது போதும்.

இன்று கிடையில் இருப்பவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே ஆளைத் தேட வேண்டும். என் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், நான் கூப்பிடவும் மாட்டேன்.

வாழப்பாடி வழி, சனி காலை 9.10

நரி என்றவுடன் ஒரு இடைச்செருகல். எங்கள் பக்கம் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்துவந்து ஊரில் காட்டுகிற வழக்கம் உண்டு, அதன் முகத்தில் விழித்தால் மழை வரும் என்று. இப்போது வனத்துறை விடுவதில்லை, நல்லதுதான். அந்த நரி இரண்டு மூன்று கிலோ இருக்கும். எலி, நண்டு, பூச்சி தின்கிற பிராணி. குட்டி ஆட்டைத் தூக்குவது அதைவிடப் பெரிய குள்ளநரி. இரண்டையும் "நரி" என்று ஒரே பெயரில் சொல்லிச் சின்னதை அடித்துப் போடுகிறார்கள். சரி, சிறுத்தைக்குப் போங்கள்.

பனிமலைக் காவல் (முன்னாள் ராணுவம், இப்போது அந்தியூர்), சனி பகல் 2.00

நான் லடாக்கில் பணியில் இருந்தவன். அங்கே ஆட்டுக்கு எதிரி ஓநாயும் பனிச்சிறுத்தையும். ஊருக்கு வெளியே கல்லால் கட்டிய வட்டக் குழிகள் பார்த்திருக்கிறேன், பெயர் ஷங்தோங். சுவர் கீழே அகலம், மேலே போகப் போக உள்பக்கம் சாயும், மண்பானைக்குள் நிற்பது போல. உள்ளே உயிரோடு ஒரு ஆட்டை விடுவார்கள். ஓநாய் எகிறிக் குதிக்கும், ஏற முடியாது. ஊர் கூடிக் கல்லால் அடித்துக் கொல்லும். ஆட்டை வைத்தே வாழ்கிற ஊர், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் பணியை விட்டு வந்த பிறகு, 2018இல் சுசூல் ஊர்க்காரர்களே அந்தக் குழிகளின் சுவரை ஒரு பக்கம் உடைத்து வழி விட்டு, பக்கத்தில் ஒரு ஸ்தூபி கட்டினார்கள் என்று செய்தியில் படித்தேன். சும்மா மனம் மாறவில்லை. அங்கே பல ஊர்களில் இரவுப் பட்டிக்கு மேலே கம்பி வலை போட்டு மூடி, நல்ல கதவு வைத்துக்கொடுத்திருக்கிறார்கள். பனிச்சிறுத்தை திறந்த பட்டிக்குள் இறங்கினால் இருபது முப்பது ஆட்டைக்கூடக் கொன்றுவிடும். அந்த நஷ்டம் நின்ற பிறகுதான் கோபம் தணியும்.

வேலியோரக் கிளுவைத் தம்பி, உங்கள் ஐந்தடி வேலிக்கு மேலே என்ன இருக்கிறது? வானம்தானே? சிறுத்தைக்கு ஐந்தடி ஒரு படிக்கட்டு. இந்தத் தடவை நாய் வந்தது. சிறுத்தைக்கும் இப்போது உங்கள் பட்டி இருக்கும் இடம் தெரியும்.

வேலியோரக் கிளுவை, சனி மாலை 6.20

அதுதான் அண்ணா நேற்றிலிருந்து தூக்கமில்லை. கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி மனு எழுதலாமா என்று இருக்கிறேன். நாய்க்கு, ராஜபாளையம் இரண்டு வாங்கிக் கட்டலாமா?

ஊசி டாக்டர், சனி இரவு 7.45

இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

கூண்டு: மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மனிதர் மேல் தாக்குதல் குறையவில்லை, கூடியது. விட்ட இடத்திலும் கூடியது. ஒன்றைப் பிடித்த காலியிடத்துக்கு வேறொன்று வரும். உன் ஓடையை அறிந்த கிழட்டுச் சிறுத்தை போய், ஒன்றும் அறியாத இளம் சிறுத்தை வந்தால் உனக்கு லாபமா?

அதே மாநிலத்தில் அகோலே என்கிற ஊர், கரும்புக்காடு, பக்கத்தில் பெரிய காடு இல்லை. அங்கே சிறுத்தையின் எச்சத்தை அலசி வித்யா ஆத்ரேயாவும் உடனிருந்தவர்களும் 2014இல் கணக்கு வெளியிட்டார்கள். தின்றதில் 39 விழுக்காடு நாய். வெள்ளாடு 11 விழுக்காடுதான். அந்த ஊரில் நாயைப் போல ஏழு மடங்கு வெள்ளாடு உண்டு. ஏன் நாயைத் தின்றது? ஆட்டை இரவில் அடைக்கிறார்கள், நாய் தெருவில் படுக்கிறது. உன் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

நாய்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நல்ல சாதி. ஆனால் கன்னியும் சிப்பிப்பாறையும் துரத்திப் பிடிக்கிற வேட்டை நாய்கள். ஆட்டோடு இருந்து ஆட்டைக் காக்கிற நாய் வேறு விதமாக வளர வேண்டும். நமீபியாவில் சிவிங்கிப்புலி ஆட்டைப் பிடிக்கிறது என்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரி மார்க்கர் என்ற அம்மையாரின் அமைப்பு 1994 முதல் துருக்கி நாட்டுக் கங்கால் வகைக் குட்டிகளை அங்கே பண்ணைகளுக்குக் கொடுத்தது, பெரும்பாலான பண்ணைகளில் நஷ்டம் வெகுவாகக் குறைந்தது. சூட்சுமம் சாதியில் பாதிதான். குட்டியை ஏழெட்டு வாரத்திலேயே பட்டிக்குள் விட்டுவிடுகிறார்கள். வீட்டுத் திண்ணை கிடையாது, பிள்ளைகளோடு விளையாட்டு கிடையாது. ஆட்டு மூச்சிலேயே வளர்ந்து, ஆட்டைத் தன் கூட்டம் என்று நினைக்கும்.

கட்டிப்போட்ட ஒற்றை நாய் சிறுத்தைக்கு இலைபோட்டு வைத்த சாப்பாடு. இமயமலையில் கத்தி (Gaddi) என்கிற இடையர்கள் நாயின் கழுத்தில் இரும்பு முள் வைத்த பட்டை போடுவது அதற்காகத்தான்.

தாளவாடிக் குளிர், சனி இரவு 9.15

அப்பா கட்டிய நாய்கள் என்ன ஆயின என்று நான் எழுதவில்லை. டாக்டர் எழுதிவிட்டார். மூன்று.

வெள்வேல் நிழல், ஞாயிறு காலை 7.00

சூரிய மின்வேலி போடுவதென்றால் விட்டுவிட்டு அதிர்ச்சி தருகிற அங்கீகரித்த கருவியை மட்டும் போடுங்கள். காட்டுக்குப் பக்கம் என்பதால் 2023 விதிப்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செம்மறிக்குச் சுற்று வேலியைவிட மூடின கொட்டகைதான் மலிவு என்பது என் கணக்கு. பகலெல்லாம் மேயட்டும், இரவு பத்து மணி நேரம் அடைபட்டால் போதும்.

வேலியோரக் கிளுவை, நான்கு மாதம் கழித்து

இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னியுங்கள். செய்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காயம்பட்ட ஐந்தில் ஒன்று பிழைக்கவில்லை. பட்டியின் ஒரு பகுதியை இருபதுக்கு இருபதில் கொட்டகையாக்கினேன். ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி என்று டாக்டர் ஐயா தொலைபேசியில் கணக்குச் சொன்னார். மேலே தகரம், பக்கத்தில் இடுப்பு வரை ஹாலோ பிளாக், அதற்கு மேல் பற்றவைத்த கம்பி வலை. சுவருக்கு அடியில் ஒன்றரை அடி ஆழம் கல் இறக்கினேன், நாய் பறிக்க முடியாது. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். அடைசல் கூடாதென்று மூலைகளை வளைத்துக் கட்டச் சொன்னேன். கொத்தனார் சிரித்தார், கட்டிக்கொடுத்தார்.

நாட்டு நாய்க் குட்டி இரண்டை ஏழாவது வாரத்தில் ஆட்டோடு விட்டேன். ஒன்று குட்டிகளின் காதைக் கடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தது, திருத்திப் பார்த்தேன், முடியவில்லை, மாமன் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். மற்றது ஆட்டுக்கு நடுவில்தான் தூங்குகிறது. இரவில் கொட்டகைக்கு உள்ளேயே அடைக்கிறேன், வெளியே கட்டுவதில்லை.

கிடைவீட்டு அக்கா சொன்னதை வைத்துப் பக்கத்துத் தோட்டம் மூன்று பேரிடம் பேசினேன். முறை வைத்துக் காவல் என்றால் யாரும் வரவில்லை. ஆனால் செத்த கோழியை ஓடையில் போடுவதை நிறுத்திக் குழி வெட்டிப் புதைக்க இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. நாய் இழப்பீட்டு மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நானும் நடந்துகொண்டிருக்கிறேன்.

போன செவ்வாய் காலை கொட்டகையைச் சுற்றி ஈர மண்ணில் அதே உள்ளங்கை அகலத் தடம். வடக்குப் பக்கம் வந்து, கதவுக்கு முன்னால் நின்று, தெற்கே போய், ஓடைக்கு இறங்கியிருக்கிறது. கதவுக்கு முன்னால் படுத்திருந்த அடையாளமும் இருந்தது. இரவு ஒரு மணிக்கு நாய் குரைத்தது எனக்குக் கேட்டது, எழுந்து விளக்கைப் போட்டேன், தொண்டையைச் செருமினேன். தாளவாடி அண்ணா, உங்கள் தாத்தா நினைவுதான் வந்தது. புதுக் குட்டிகளோடு சேர்த்து ஆடு 36, எல்லாம் இருக்கின்றன.

இப்போது வேறு பிரச்சினை. மூன்று வாரமாக மழை, கொட்டகைக்குள் புழுக்கை ஈரம் காய்வதில்லை, நான்கு ஆடு நொண்டுகின்றன. குளம்பு நடுவில் நாறுகிறது. அப்பா மயில்துத்தக் கரைசலில் நிறுத்தலாம் என்கிறார். செய்யலாமா ஐயா?

ஊசி டாக்டர், அன்று மாலை

குளம்பு அழுகல். மயில்துத்தம் வேண்டாம், செம்மறிக்குத் தாமிரம் ஆகாது, ஒரு வாய் நக்கிக் குடித்துவிட்டால் ஈரல் போய்விடும். துத்தநாக சல்பேட் பத்து விழுக்காடு, நூறு லிட்டருக்குப் பத்துக் கிலோ. அழுகின பாகத்தைச் சீவிச் சுத்தம் செய்துவிட்டுத் தொட்டியில் கால்மணி நேரம் நிறுத்து, பிறகு காய்ந்த தரையில் விடு. நொண்டுகிற நான்கையும் தனியாகப் பிரி. தரையில் சுண்ணாம்பு தூவி, மேலே கடலைத் தொலி பரப்பு.

தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப்போக எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறாய்? படம் எடுத்துப் போடு, வலையோடு சேர்த்து.